டெஸ்க்டொப்பில் சிஸ்டம் விவரம்: கொன்கி மறையுது, தமிழ் உடையுது, ரெம் கணக்கு இடிக்குது

கடல்பக்கம் (தெஹிவளை) கேட்டது:

வணக்கம். இரண்டு மெஷினில கொன்கி (சிபியூ, ரெம், வெப்பநிலை போல விவரங்களை டெஸ்க்டொப்பில எழுதிக் காட்டுற நிரல்) போட்டிருக்கிறன், இரண்டிலயும் வில்லங்கம். முதல் விவரத்தைத் தாறன்.

மடிக்கணினி: உபுண்டு 24.04, க்னோம் டெஸ்க்டொப், வேலண்ட் செஷன் (திரையை வரையிற புது முறை), 8 ஜிபி ரெம், இன்டெல் கிராஃபிக்ஸோட என்விடியாவும் இருக்கு. வெள்ளவத்தை அலுவலகத்தில நிற்கிற மேசைக் கணினி: மிண்ட் 22, சினமன் டெஸ்க்டொப், எக்ஸ்11 (வேலண்டுக்கு முந்தின பழைய முறை), ரைசன் சிபியூ, யூபிஎஸ்ஸில ஓடுது. இரண்டிலயும் கொன்கி-ஓல் பொதி. லொகேல் (மொழி அமைப்பு) டிஏ_எல்கே, அதாவது இலங்கைத் தமிழ்.

டெஸ்க்டொப்பின் வெறுமையான இடத்தில ஒரு கிளிக் பண்ணினால் கொன்கி காணாமல் போகுது. சன்னல் வகை இப்ப 'டெஸ்க்டொப்' எண்டு இருக்கு. மிண்டில லொகின் ஆனதும் தானாத் தொடங்கினால் பின்னணி கறுப்புப் பெட்டியா வருது. கையால தொடங்கினால் ஒழுங்கா வருது.

கிழமைப் பெயர் தமிழில வருது, ஆனால் 'செவ்வாய்', 'வெள்ளி' இரண்டிலயும் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிற்குது. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். அதே எழுத்துரு மற்ற எல்லா இடத்திலயும் சரி.

ரெம் பாவனையை கொன்கி 6.9 எண்டு காட்டுது, க்னோம் சிஸ்டம் மொனிட்டர் 3 சொச்சம் எண்டு சொல்லுது. எதை நம்புறது? வெப்பநிலை வரியும் ரீபூட் பண்ணினால் சில நேரம் வேற எதையோ காட்டுது, சில நேரம் வெறுமை.

கடைசியா இரண்டு ஆசை: மாத டேட்டாவில எவ்வளவு முடிஞ்சது எண்டும், யூபிஎஸ் பற்றரி நிலையும் அதே பெட்டியில வரவேணும். இதுக்கெல்லாம் கொன்கிதான் சரியான ஆளா, இல்லாட்டி வேற வழி இருக்கா?


பெங்குவின்_மேசை பதில்:

முதல் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு, தனித்தனியே பார்ப்போம். பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன். கோப்பில் சின்ன ஆங்கில எழுத்தில் அடியுங்கள், அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள்.

கிளிக் பண்ணினால் மறைவது. உபுண்டுவில் டெஸ்க்டொப் ஐகான்களைக் காட்டுவது ஒரு நீட்சி, சினமனில் நீமோ-டெஸ்க்டொப். இரண்டும் திரை முழுவதையும் மூடும் ஒரு சன்னலை அடித்தட்டில் விரித்து வைக்கின்றன. உங்கள் கொன்கியும் 'டெஸ்க்டொப்' வகை என்றால் அதுவும் அதே தட்டு. ஐகான் சன்னலில் கிளிக் பண்ணியதும் அது மேலே வருகிறது, கொன்கி அடியில் போகிறது. கொன்கி நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பிஎஸ் கட்டளையில் பார்த்தால் தெரியும். தீர்வு, அடித்தட்டுக்கு ஒரு படி மேலே ஏற்றுவது:

ஓன்_விண்டோ = ட்ரூ,
ஓன்_விண்டோ_டைப் = 'நோர்மல்',
ஓன்_விண்டோ_ஹின்ட்ஸ் = 'அன்டெகொரேட்டட்,பிலோ,ஸ்டிக்கி,ஸ்கிப்_டாஸ்க்பார்,ஸ்கிப்_பேஜர்',
டபிள்_பஃபர் = ட்ரூ,

ஹின்ட்ஸ் வரியில் காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாதீர்கள். 'பிலோ' இல்லாவிட்டால் மற்ற சன்னல்களை மறைக்கும், 'ஸ்டிக்கி' இல்லாவிட்டால் வேர்க்ஸ்பேஸ் மாற்றினால் கூட வராது. டபிள் பஃபர் இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மினுங்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. 'நோர்மல்' வகை சாதாரண சன்னல் என்பதால் சூப்பர்+டி அடித்தால் மற்றச் சன்னல்களோடு சேர்ந்து இதுவும் ஒளிந்துவிடும். எப்போதும் சூப்பர்+டி அடித்துத்தான் கொன்கியைப் பார்ப்பவர் என்றால் 'டொக்' வகையைப் போட்டு, 'பிலோ'வை அப்படியே வைத்துப் பாருங்கள். டொக் வகையைத் தனியே விட்டால் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி நிற்கும். 'ஓவர்ரைட்' வகையை மட்டும் தொடவே வேண்டாம். அது சன்னல் மேலாளரின் பேச்சைக் கேட்பதில்லை.

வேலண்ட் பற்றி. கொன்கியின் புதிய பதிப்புகள் வேலண்டில் நேரடியாக வரையும், ஆனால் அதற்கு லேயர்-ஷெல் என்ற நெறிமுறை வேண்டும். கேடிஈ பிளாஸ்மாவும் ஸ்வேயும் அதைத் தருகின்றன. க்னோம் தருவதில்லை. ஆகவே உங்கள் மடிக்கணினியில் கொன்கி எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் எக்ஸ்11 நிரல்களை ஓட்டும் இடைத்தட்டு) வழியாகத்தான் ஓட வேண்டும்: 'அவுட்_டு_எக்ஸ்' ட்ரூ, 'அவுட்_டு_வேலண்ட்' ஃபோல்ஸ். உங்கள் பொதியில் எது எது சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை 'கொன்கி -வி' அச்சிட்டுக் காட்டும். உபுண்டு 25.10 இலிருந்து க்னோமின் எக்ஸ்11 செஷனே எடுக்கப்பட்டுவிட்டது. 'எக்ஸ்11க்கு மாறிக்கொள்' என்ற பழைய அறிவுரை இனி நெடுநாள் ஓடாது.

கறுப்புப் பெட்டி. போலி ஒளிபுகுதலில் கொன்கி செய்வது, தொடங்கும் கணத்தில் பின்னணிப் படத்தைப் பிரதி எடுத்துத் தன் முதுகில் ஒட்டிக்கொள்வது. லொகின் ஆன உடனே தொடங்கினால் படம் இன்னும் வரையப்பட்டிருக்காது, கறுப்புத்தான் கிடைக்கும். உண்மையான ஒளிபுகுதல் வேண்டுமென்றால்:

ஓன்_விண்டோ_ஏஆர்ஜிபி_விஷுவல் = ட்ரூ,
ஓன்_விண்டோ_ஏஆர்ஜிபி_வெல்யூ = 120,

0 என்றால் முழுக்கக் கண்ணாடி, 255 என்றால் சுவர். வெளிர்நிறப் படங்களுக்கு 120 முதல் 160 வரை வாசிக்கக் கூடியதாக இருக்கும். இதோடு தாமதமும் கொடுங்கள். வீட்டு அடைவில் டொட் கொன்ஃபிக், அதற்குள் ஓட்டோஸ்டார்ட், அதில் கொன்கி டொட் டெஸ்க்டொப் கோப்பு. எக்ஸெக் வரியில் 'கொன்கி -பி 15' (போஸ் என்பதன் பி) என்று எழுதினால் 15 விநாடி காத்திருக்கும். க்னோமுக்கென்று தனியாக ஒரு தாமதச் சாவி இருக்கிறது, ஆனால் -பி எல்லா டெஸ்க்டொப்பிலும் வேலை செய்யும்.

இப்போது தமிழ். இது எழுத்துருவின் குற்றமில்லை, எழுத்துருவை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தைக் கரைக்காதீர்கள். யூனிகோடில் 'வெ' என்பது வ, அதன் பின் ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவமைப்பு நூலகத்தின் வேலை. எக்ஸ்11இல் கொன்கி எழுத்தை வரைவது எக்ஸ்எஃப்டி என்ற பழைய நூலகம் வழியாக. அது அந்த நூலகத்தைக் கேட்பதே இல்லை, குறியீடு வந்த வரிசையிலேயே உருவை அடுக்குகிறது. 'பு', 'று' போன்ற உகரங்களும் ஒட்டாமல் மெய்யும் குறியுமாகப் பிரிந்து நிற்கும். ஆகவே செவ்வாய், வெள்ளி மட்டுமல்ல, புதனும் ஞாயிறும் அகப்படும். திங்கள், வியாழன், சனி ஓரளவு தப்பும். லுவா ஸ்கிரிப்ட் வழியாக கெய்ரோ என்ற வரைதல் நூலகத்தின் எளிய எழுத்துக் கட்டளையைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான்.

சுருக்கு வழி, நேரத்துக்கான லொகேலை மட்டும் மாற்றித் தொடங்குவது. எக்ஸெக் வரி இப்படி வரும் (எல்சி_டைம், சி.யூடிஎஃப்-8 இரண்டும் மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில்):

என்வ் எல்சி_டைம்=சி.யூடிஎஃப்-8 கொன்கி -பி 15

டைம் மாறியின் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்துக்குப் போகும், மற்றவை தமிழிலேயே இருக்கும். எல்சி_ஓல் எங்காவது அமைக்கப்பட்டிருந்தால் அது இதை விழுங்கிவிடும். 'லொகேல்' கட்டளையை ஓட்டி அது வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில்தான் வேண்டும் என்றால், படமாக மாற்றிப் போடுங்கள். பாங்கோ1.0-டூல்ஸ் பொதியில் பாங்கோ-வியூ என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது, அது தமிழைச் சரியாக வடிவமைக்கும். -கியூ கொடுத்தால் திரையில் காட்டாமல் நேரே கோப்புக்கு எழுதும். எழுத்துரு, நிறம், பின்னணி 'ட்ரான்ஸ்பேரன்ட்', வெளியீட்டுப் பிஎன்ஜி கோப்பு, உரை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். உரைக்கு 'டேட்' கட்டளையின் வெளியீட்டைக் கொடுங்கள். மேலே எல்சி_டைமை மாற்றியிருந்தால் இந்த டேட்டுக்கு மட்டும் டிஏ_எல்கேயைத் திரும்பக் கொடுக்க வேண்டும். இதை எக்ஸெக்-ஐ (கடைசி 'ஐ'யும் பெயரோடு சேர்ந்த எழுத்து, இடையில் கோடு இல்லை) 600 என்று கொன்கிக்குள்ளேயே ஓட்டி, அடுத்த வரியில் இமேஜ் மாறியால் அந்தக் கோப்பைப் போடுங்கள். இமேஜில் -என் தேவை, இல்லாவிட்டால் பழைய படத்தையே நினைவில் வைத்துக் காட்டும். கிழமை நாளுக்கு ஒருமுறை மாறுவது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை வரைந்தால் போதும். ஒவ்வொரு விநாடியும் மாறும் எண்களுக்கு இந்த வித்தையைப் பயன்படுத்த வேண்டாம். எண்களுக்கு வடிவமைப்புத் தேவையில்லை, அவை எப்படியும் சரியாக வரும்.


அடித்தட்டு பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி ஒன்று இருக்கிறது. 'பிலோ' போட்ட கொன்கி எல்லாச் சன்னல்களுக்கும் கீழே இருக்கும். வேலை நேரத்தில் பிரௌசர் திரையை மூடியிருக்கும். அப்போது அதை யார் பார்ப்பது? வேலை செய்யும்போதே கண்ணில் பட வேண்டிய இரண்டு மூன்று எண்களைப் பனலில் வையுங்கள். மிச்சத்துக்குக் கொன்கி.

க்னோமில் அதற்கு வைட்டல்ஸ் என்ற நீட்சி. எல்எம்-சென்சர்ஸ் பொதியும் ஜிஐஆர்1.2-ஜிடொப்-2.0 பொதியும் வேண்டும், இல்லாவிட்டால் பாதி வரிகள் வராது. பாங்கோ வழியே எழுதுவதால் தமிழும் உடையாது. குறை ஒன்று: க்னோம் பதிப்பு ஏறும்போது நீட்சிகள் நின்றுபோகும். 2023இல் வந்த க்னோம் 45 நீட்சிகளின் கட்டமைப்பையே மாற்றியதில் திருத்தப்படாத பழைய நீட்சி ஒன்றும் ஓடவில்லை. கொன்கிக்கு இந்தத் தலைவலி இல்லை. சினமனில் மல்ட்டி-கோர் சிஸ்டம் மொனிட்டர் அப்லெட் போதும். எக்ஸ்எஃப்சிஈ வைத்திருப்பவர்களுக்கு ஜென்மொன் செருகி. எந்த ஸ்கிரிப்ட் என்றாலும் அதன் வெளியீட்டைப் பனலில் ஒட்டிவிடும்.

ரெம். இரண்டு எண்ணும் பொய்யில்லை, இரண்டும் வேறு கேள்விக்குப் பதில். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரெம்மில் கோப்புகளை கேஷ் பண்ணி வைக்கும். யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். உங்கள் 6.9 அந்த கேஷையும் சேர்த்த கணக்கு. 'நோ_பஃபர்ஸ் = ட்ரூ' போட்டால் அது கழிந்துவிடும். உண்மையில் பார்க்க வேண்டியது கர்னல் தானே மதிப்பிட்டுத் தரும் மெம்அவெயிலபிள்; 3.14 கர்னலிலிருந்து ப்ரொக் அடைவில் மெம்இன்ஃபோ கோப்பில் இருக்கிறது. 'ஃப்ரீ -எச்' கட்டளையின் கடைசி நெடுவரிசையும் அதுவே. மொத்தம் 8க்குப் பதில் 7.6 போல் காட்டினால் திடுக்கிட வேண்டாம், உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் கர்னலும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது அது. ரெம்மோடு சேர்த்து ஸ்வொப் (ரெம் போதாதபோது தட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) பாவனையையும் ஒரு வரி போடுங்கள். ரெம் 90 வீதம் நிறைந்திருப்பதை விட ஸ்வொப் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுவதுதான் கவலைப்பட வேண்டிய அடையாளம்.

வெப்பநிலை. நீங்கள் எங்கோ எச்டபிள்யூமொன் 2, எச்டபிள்யூமொன் 3 என்று, சென்சர்களுக்குக் கர்னல் கொடுக்கும் எண்ணைக் குறிப்பிட்டிருப்பீர்கள். அந்த எண் டிரைவர்கள் ஏறிய வரிசையில் கிடைப்பது. ரீபூட்டில் வைஃபை டிரைவர் முந்திக்கொண்டால் சிபியூவின் எண் மாறும், உங்கள் வரி வைஃபை அட்டையின் சூட்டைக் காட்டும். எண்ணை விட்டுப் பெயரைப் பிடியுங்கள். சென்சர்ஸ் கட்டளையின் வெளியீட்டில் இன்டெலுக்கு 'பெக்கேஜ் ஐடி 0' என்று தொடங்கும் வரி. ஓக் (வரியைத் துண்டாக்கும் கட்டளை) கொண்டு அதன் 4ஆம் துண்டை எடுங்கள். ரைசனுக்கு கே10டெம்ப் பகுதியில் 'டிசிடிஎல்' வரி, 2ஆம் துண்டு. முதல் தடவை சென்சர்ஸ்-டிடெக்ட் ஓட்டிவிடுங்கள்.

கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் 30, 31 பாகையில் நிற்கும். அதில் சும்மா இருக்கும் மடிக்கணினி 45 முதல் 50 வரை காட்டுவது வழமை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய கொன்ஃபிக்கில் 50க்கே சிவப்பு நிறம் போட்டிருப்பார்கள், அப்படியே கொப்பி பண்ணினால் நாள் முழுக்கச் சிவப்பாகவே இருக்கும். எல்லையை 80, 90 என்று வையுங்கள். சென்சர்ஸ் வெளியீட்டில் அடைப்புக்குள் வரும் 'கிரிட்' எண் உங்கள் சிப்புக்கான உச்ச எல்லை. இன்டெல் மடிக்கணினிகளில் பெரும்பாலும் 100.

அடுத்தது, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் மாட்டுவீர்கள். என்விடியா வெப்பநிலைக்கு என்விடியா-எஸ்எம்ஐயை 5 விநாடிக்கு ஒருமுறை கூப்பிடும் கொன்ஃபிக்குகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. இரட்டைக் கிராஃபிக்ஸ் மடிக்கணினியில் அது நஞ்சு. தூங்கும் சிப்பை ஒவ்வொரு முறையும் தட்டி எழுப்பும், அது மறுபடி தூங்க வழியில்லை, பற்றரி கரையும். பிசிஐ சாதன அடைவுக்குள் பவர், அதற்குள் ரன்டைம்_ஸ்டேட்டஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை வாசித்தால் சிப் எழும்பாது. 'சஸ்பெண்டட்' என்றிருந்தால் 'தூக்கம்' என்று அச்சிட்டுவிட்டு வெளியேறும், 'அக்டிவ்' என்றிருந்தால் மட்டும் எஸ்எம்ஐயைக் கூப்பிடும் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். சுழலும் வன்தட்டுக்கும் இதே கவனம். தட்டின் நிலையைக் கேட்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை என்றால் '-என் ஸ்டேண்ட்பை' கொடுத்தால் தூங்கும் தட்டை எழுப்பாது. 5.6 கர்னலிலிருந்து ட்ரைவ்டெம்ப் மொடியூல் இருக்கிறது. அதை ஏற்றினால் சாட்டா தட்டுகளின் சூடு சென்சர்ஸிலேயே வந்துவிடும், ரூட் அனுமதி தேவையில்லை.

கடைசி: அப்டேட்_இன்டர்வெல் 2 போதும். வெறும் எக்ஸெக் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் புது ஷெல் திறக்கும். எக்ஸெக்-ஐ போட்டு விநாடியைச் சொல்லுங்கள். மெதுவான கட்டளை என்றால், இணையத்தில் எதையாவது இழுப்பது போல, டி-எக்ஸெக்-ஐ. அது தனி இழையில் ஓடும். இல்லாவிட்டால் அந்தக் கட்டளை முடியும்வரை முழுக் கொன்கியும் உறைந்து நிற்கும். வலைவழி ஏற்றிய அடைவுக்கு எஃப்எஸ்_யூஸ்ட் போட்டாலும் இதே ஆபத்து: சேர்வர் நின்றால் கொன்கியும் நிற்கும்.


கடல்பக்கம்:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணாமார். 'நோர்மல்' + ஹின்ட்ஸ் இரண்டு மெஷினிலயும் பிடிச்சிட்டுது. -பி 15 போட்டதும் கறுப்பும் போயிட்டுது. நோ_பஃபர்ஸ் போட்டதும் ரெம் 3.2க்கு இறங்கினது. சிஸ்டம் மொனிட்டரோட இன்னும் 0.1, 0.2 வித்தியாசம் இருக்கு, அதை விட்டிடுறன்.

சிபியூ பட்டியலில பிரௌசர் 12 வீதம் எண்டு கொன்கி சொல்லுது, டொப் கட்டளை 96 எண்டு சொல்லுது. அது ஏன்? டேட்டாவும் யூபிஎஸ்ஸும் இன்னும் பாக்கி.


அடித்தட்டு:

96ஐ 8 ஆல், அதாவது சிபியூவின் கோர் எண்ணிக்கையால், பிரியுங்கள். டொப் ஒரு கோரை 100 என்று எடுக்கிறது, கொன்கி எல்லாக் கோரும் சேர்ந்து 100 என்று எடுக்கிறது. 'டொப்_சிபியூ_செப்பரேட் = ட்ரூ' போட்டால் ஒத்துவரும். டொப்பில் பெரிய ஐ அடித்தால் அதுவும் மறுபக்கம் மாறும்.


கொட்டாஞ்சேனை வயர் பதில்:

தம்பி, டேட்டாக் கணக்கைக் கொன்கியின்ர டோட்டல்டவுன்ல பார்க்காதீங்க. அது மெஷின் தொடங்கினதிலிருந்து மட்டும் எண்ணும், ரீபூட்டில பூச்சியம். மாதக் கணக்குக்கு விஎன்ஸ்டாட் எண்ட, டேட்டாவை எண்ணிப் பதிஞ்சு வைக்கிற நிரல். பொதியைப் போட்டால் அதின்ர சேவை தானா ஓடத் தொடங்கும். போட்ட நேரத்திலிருந்துதான் எண்ணும், பழசு கிடைக்காது.

முதல்ல உங்கட இடைமுகத்தின்ர பெயர். எத்0, டபிள்யூலான்0 எண்டு பழைய கொன்ஃபிக்கில இருக்கிறது இப்ப பெரும்பாலும் இல்லை. டபிள்யூஎல்பி2எஸ்0, ஈஎன்பி3எஸ்0 போல வரும். 'ஐபி ரூட்' கட்டளையில டிஃபோல்ட் வரியைப் பாருங்க, டெவ்க்குப் பிறகு வாறதுதான் பெயர். வைஃபையும் வயரும் மாறி மாறிப் பாவிக்கிறீங்க எண்டால் விஎன்ஸ்டாட்டுக்கு இரண்டு பெயரையும் கூட்டல் குறியால ஒட்டிக் கொடுக்கலாம், சேர்த்துக் காட்டும். விபிஎன் இடைமுகத்தைச் சேர்க்கவேணாம். ஒரே டேட்டா இரண்டு தரம் எண்ணப்படும்.

கொன்கிக்குள்ள போட இது:

விஎன்ஸ்டாட் -ஐ (உங்கட இடைமுகம்) --வன்லைன்

ஒரே வரியில அரைப்புள்ளியால பிரிச்சு எல்லாம் தரும். 11ஆம் துண்டு இந்த மாத மொத்தம், 9 இறக்கினது, 10 ஏற்றினது, 6 இண்டைய மொத்தம். கட் கட்டளைக்கு அரைப்புள்ளியைப் பிரிப்பானாக் கொடுத்து 11ஐ எடுங்க. அரைப்புள்ளியை மேற்கோளுக்குள்ள போட மறந்தால் ஷெல் அதோட கட்டளை முடிஞ்சுது எண்டு நினைச்சிரும், வரி வெறுமையா வரும். எக்ஸெக்-ஐ 300 தாராளம்.

உங்கட பில்லிங் நாள் மாதத்தின்ர 1ஆம் திகதி இல்லாட்டி, ஈடிசி அடைவில விஎன்ஸ்டாட் டொட் கொன்ஃப் கோப்பில மன்த்ரொட்டேட் எண்டு ஒரு வரி இருக்கு. அதில நாளைப் போட்டுச் சேவையை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

இப்ப, இந்த எண் கம்பனியின்ர எண்ணோட ஒத்துவராது, அதுக்கு நாலு காரணம். ஒண்டு, இது இந்த மெஷின் மட்டும். வீட்டில ஃபோன், டிவி எல்லாம் அதே ரவுட்டரில தொங்குதெல்லோ, அதெல்லாம் இதில வராது. இரண்டு, வீட்டுக்குள்ளயே ஒரு கணினியிலிருந்து மற்றதுக்குக் கொப்பி பண்ணினதும் இதில சேரும், அது கோட்டாவில போகாது. மூண்டு, விஎன்ஸ்டாட் 1024ஆல பெருக்கிற ஜிபிபைட்டில சொல்லும், கம்பனி 1000ஆல எண்ணினால் 100 ஜிபி பொதி இங்க 93.1இலயே முடிஞ்சிரும். 1.074ஆல பெருக்கிப் பாருங்க. நாலு, பகலுக்கு ஒரு கணக்கு இரவுக்கு ஒரு கணக்கு எண்டு பிரிச்ச பொதி எண்டால் மாத மொத்தம் உதவாது. விஎன்ஸ்டாட் -எச் மணித்தியால வாரியாத் தரும், அதை வைச்சுக் கூட்டவேணும். முழு வீட்டுக் கணக்கு வேணுமெண்டால் ரவுட்டரைத்தான் கேக்கவேணும். எஸ்என்எம்பி (ரவுட்டரின்ர கணக்கை வேற மெஷினிலிருந்து கேட்கிற முறை) தாற ரவுட்டர் எண்டால் நல்லது. இல்லாட்டி விடுங்க, கம்பனி அப்பைப் பாருங்க.

வேகத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுறன். பொதியில எழுதியிருக்கிறது மெகாபிட், கொன்கி காட்டுறது பைட். 100 மெகாபிட் இணைப்பு கொன்கியில 11.9 மெபிபைட்டுக்கு மேல போகாது. அதைப் பார்த்துட்டுப் போன் எடுத்துச் சண்டை பிடிக்காதீங்க.

யூபிஎஸ். முதல் கேள்வி, பின்பக்கம் டேட்டா வாய் இருக்கா? விலை குறைஞ்ச பலதில இல்லை, அதுக்கு மென்பொருளால ஒண்டும் செய்யேலாது. யூஎஸ்பி எண்டு ஒரு வாய் இருந்தாலும் சிலதில அது ஃபோன் சார்ஜ் பண்ண மட்டும். வயரைக் குத்திப்போட்டு 'எல்எஸ்யூஎஸ்பி' அடிச்சுப் பாருங்க, புது வரி வந்தால் உயிர் இருக்கு.

ஏபிசி கம்பனியின்ர யூபிஎஸ் எண்டால் ஏபிசியூபிஎஸ்டி பொதி. அதுக்கு உரிய வயர் ஒரு பக்கம் 10 முனை, மற்றப் பக்கம் யூஎஸ்பி. பார்க்க நெட்வேர்க் வயர் மாதிரி இருக்கும் எண்டதுக்காக 8 முனை வயரைக் குத்தவேணாம். அந்த சேவை 3551 போர்ட்டில விவரம் சொல்லும். கொன்கியில ஏபிசியூபிஎஸ்டி லோக்கல்ஹோஸ்ட் 3551 எண்டு ஒருக்கா எழுதினால், பிறகு சார்ஜ், டைம்லெஃப்ட், லைன்வி, லோட் எல்லாத்துக்கும் தனி மாறி இருக்கு.

மற்ற வகைகளுக்கு நட் பொதி. நட்-ஸ்கேனர் -யூ (பெரிய யூ) அடிச்சால் எந்த டிரைவர் எண்டு சொல்லும். இங்க கடைகளில கிடைக்கிற கனக்க மொடலுக்கு நட்டிஆர்வி_கியூஎக்ஸ்தான் வரும். நட் டொட் கொன்ஃபில மோட் 'ஸ்டேண்ட்அலோன்', யூபிஎஸ் டொட் கொன்ஃபில ஒரு பெயரும் டிரைவரும் போர்ட் 'ஓட்டோ'வும். பிறகு 'யூபிஎஸ்சி பெயர்' எண்டு அடிச்சால் எல்லா எண்ணும் கொட்டும். பற்றரி டொட் சார்ஜ், இன்புட் டொட் வோல்ட்டேஜ், யூபிஎஸ் டொட் ஸ்டேட்டஸ் மூண்டையும் எடுங்க. ஸ்டேட்டஸ் ஓஎல் எண்டால் கரண்ட் இருக்கு, ஓபி எண்டால் பற்றரியில ஓடுது, எல்பி சேர்ந்தால் பற்றரி முடியப்போகுது.

இந்த மலிவு மொடல்கள் சார்ஜ் வீதத்தை உண்மையில அளக்கிறதில்லை. பற்றரி வோல்ட்டை மட்டும் சொல்லும், வீதத்தை டிரைவர் ஊகிக்கும். 12 வோல்ட் பற்றரி ஒண்டு 13.6இல நிரம்பினதாயும் 10.5இல முடிஞ்சதாயும் எல்லையைக் கொடுத்தால் ஊகம் ஓரளவு கிட்ட வரும். யூபிஎஸ் டொட் கொன்ஃபில டிஃபோல்ட் பற்றரி வோல்ட்டேஜ் ஹை, லோ எண்டு இரண்டு வரி. எண்டாலும் பழைய பற்றரி 60 வீதம் காட்டி அடுத்த நிமிடமே விழும். அதனால வீதத்தை விட ஓபி ஆகின நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் எண்டு எண்ணுறதுதான் நம்பிக்கை.

இன்புட் வோல்ட்டேஜைக் கட்டாயம் போடுங்க. எங்கட லைன் 230 வோல்ட். பின்னேரத்தில அது இறங்கி ஏறுறதை அந்த வரியில பார்க்கலாம், யூபிஎஸ் ஏன் அடிக்கடி 'டிக்' எண்டு மாறுது எண்டதும் விளங்கும்.

எண்டாலும் தம்பி, திரையில காட்டுறது இரண்டாம் பட்சம். நட்டோட வாற யூபிஎஸ்மொன் சேவையை முதல்ல ஒழுங்கு பண்ணுங்க, எல்பி வந்ததும் மெஷினை அதுவே முறையா மூடும். கரண்ட் போகிற நேரம் பார்த்து அலுவலகத்தில ஆள் இருப்பாங்க எண்டு சொல்லேலாது.


பெங்குவின்_மேசை:

இவ்வளவையும் ஒரே பெட்டிக்குள் போட்டால் ஒரு இடத்தில் தடுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எக்ஸெக் வழியே வரும் வெளியீட்டுக்கு டெக்ஸ்ட்_பஃபர்_சைஸ் எல்லை வைக்கிறது, இயல்பாக 256 பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், ஆகவே தமிழில் எழுதும் ஸ்கிரிப்ட் 85 குறிகளுக்குள் வெட்டுப்படும். வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழுந்தால் குப்பை எழுத்து தெரியும். 2048 ஆக்கிவிடுங்கள்.

கோப்பைச் சேமித்ததும் கொன்கி தானாக மறுபடி வாசிக்கும். பிழை இருந்தால் சன்னல் அப்படியே மறைந்துவிடும், காரணம் எங்கும் தெரியாது. திருத்தும்வரை டெர்மினலிலிருந்து தொடங்குங்கள், எந்த வரி என்று அங்கே சொல்லும். பெரும்பாலும் காற்புள்ளி விடுபட்டிருக்கும், 1.10 பதிப்பிலிருந்து கோப்பு லுவா மொழியில், ஆகவே ஒவ்வொரு அமைப்பு வரியின் முடிவிலும் காற்புள்ளி வேண்டும். அதற்கு முந்திய வடிவில் எழுதிய கொன்ஃபிக் ஏதாவது கிடைத்தால் கையால் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், கொன்கியோடு வரும் கன்வேர்ட் டொட் லுவா அதைச் செய்யும்.


கடல்பக்கம்:

பாங்கோ-வியூ படத்தில வெள்ளி ஒழுங்கா வந்திட்டுது. அலுவலக யூபிஎஸ்ஸை எல்எஸ்யூஎஸ்பில பார்த்தன், புது வரி வருது, நட்-ஸ்கேனர் கியூஎக்ஸ் எண்டுதான் சொல்லுது. ஆனால் யூபிஎஸ்சி அடிச்சால் 'டிரைவர் நொட் கனெக்டட்' எண்டு நிற்குது.


கொட்டாஞ்சேனை வயர்:

அனுமதிப் பிரச்சினை. நட் போட முதலே வயர் குத்தியிருந்தது, அதனால யூடெவ் விதி (சாதனம் குத்தும்போது அதுக்கு அனுமதி கொடுக்கிற விதி) அந்தச் சாதனத்தில படேல்ல. வயரைக் கழற்றித் திரும்பக் குத்துங்க, பிறகு 'யூபிஎஸ்டிஆர்விசிடிஎல் ஸ்டார்ட்' ரூட்டா அடியுங்க. அப்பவும் அதே பிழை எண்டால் அந்தக் கட்டளை டெர்மினலில என்ன சொல்லுது எண்டதை முழுசா இங்க போடுங்க.